மாநகராட்சியில் வேலை நடக்க வேண்டுமா? மனுவில் இருந்து மன்றத் தீர்மானம் வரை

கோவை 1981-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. சேலம் 1994-ல், ஈரோடும் திருப்பூரும் 2008-ல், கரூர் 2021-ல், 2024-ல் நாமக்கல்லும் சேர்ந்தாச்சு. ஆனால் நம்ம ஆட்கள் மாநகராட்சியிடம் வேலை வாங்கும் விதம் மட்டும் பஞ்சாயத்துக் காலத்தில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லையா, கவுன்சிலருக்குப் போன். சாக்கடை அடைப்பா, கவுன்சிலருக்குப் போன். அவர் எடுக்கவில்லை என்றால் பேக்கரி முன்னால் டீ கிளாஸோடு நின்று நாலு பேரிடம் புலம்பல். வாயால் சொன்னது எதுவும் அந்த அலுவலகத்தில் நிற்காது. காகிதம்தான் நிற்கும், அதுவும் சரியான மேஜைக்குச் சரியான மாதத்தில் போய்ச் சேர்ந்த காகிதம். அதை எப்படிச் சேர்ப்பது என்று கோவையை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்களும் படிக்கலாம், 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் 2023-ல் வந்த விதிகளும் எல்லா மாநகராட்சிக்கும் பொதுதான்.

முதலில், இது மாநகராட்சி வேலைதானா?

பாதி மனுக்கள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். அவினாசி ரோட்டில் குழி என்றால் அது நெடுஞ்சாலைத் துறை. உங்கள் குறுக்குத் தெருவில் குழி என்றால் மாநகராட்சி. மின்கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியம், அதே கம்பத்தில் தொங்கும் விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. நொய்யலில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடப்பது நீர்வளத் துறை பாடு. பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றும் தாசில்தார் ஆபீஸ். தப்பான இடத்தில் கொடுத்த மனுவை யாரும் கிழித்துப்போட மாட்டார்கள், "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், அது எங்கே போனது என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது.

இது நம்ம ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அயர்லாந்தில் கார்க் நகரத்தில் இருக்கும் எங்கள் பங்காளி வீட்டுப் பையனிடம் பேசினால் அங்கேயும் இதே கதைதான். தண்ணீர் என்றால் 'இஷ்கா ஏரன்' என்ற தேசிய நிறுவனம், குப்பை எடுப்பது தனியார் கம்பெனிகள், வீட்டு வரியை வருவாய்த் துறை வசூலிக்கிறது. கவுன்சிலுக்கு மிச்சம் இருப்பது உள்ளூர் ரோடு, பூங்கா, நூலகம், கட்டட அனுமதி, அரசு வீடு மாதிரியானவை. 31 கவுன்சிலர்கள் கூடி வருஷத்துக்கு ஒருவரை லார்டு மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அன்றாட நிர்வாகம் தலைமை நிர்வாகி கையில். நம்ம ஊர் மேயரையும் ஆணையாளரையும் நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். ஒரே வித்தியாசம், அங்கே குடியிருக்கிற யாரும், குடியுரிமை இல்லாவிட்டாலும், 18 வயது முடிந்து பெயரைப் பதிந்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அவனுக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, திருப்பூரில் வந்து உழைக்கிற ஒடிசாக்காரருக்கு இங்கே பெரும்பாலும் இல்லை. சரி, அது வேறு பஞ்சாயத்து.

காசு செலவில்லாத வேலையும் காசு செலவாகிற வேலையும்

இந்தப் பிரிவினை புரிந்தால் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

பல்பு மாற்றுவது, அடைப்பு எடுப்பது, குப்பை அள்ளுவது, குடிநீர் வால்வைச் சரியாகத் திறப்பது, இதெல்லாம் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஆட்களும் ஒப்பந்தமும் இருக்கிற வேலை. இதற்கு மேயர் வரைக்கும் போகவே கூடாது, போனால் நாள்தான் கூடும். குப்பை, கொசு மருந்து, தெருவோரக் கோழிக்கழிவு என்றால் வார்டின் சுகாதார ஆய்வாளர், நாம் எஸ்.ஐ. என்று கூப்பிடுகிறவர். சாக்கடை, ரோடு, குழாய், விளக்கு என்றால் உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ. வரி என்றால் பில் கலெக்டர். தண்ணீருக்கு மட்டும் ஏ.இ.க்கும் முன்னால் பார்க்க வேண்டியவர் உங்கள் வீதிக்குத் தண்ணி விடுகிறவர். எந்த வால்வு எத்தனை சுற்றுத் திறக்கும், மேட்டு வீதிக்கு ஏன் ஏறவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும், எந்த ஃபைலிலும் இருக்காது. அவரிடம் அதட்டாமல், "ஏனுங்கண்ணா, நம்ம வீதிக்கு மட்டும் ஏனுங் இப்படி?" என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் காரணத்தை அப்படியே மனுவில் எழுதுங்கள். "தண்ணீர் வரவில்லை" என்று எழுதிய மனுவுக்கும் "மேல்நிலைத் தொட்டியில் இருந்து வரும் 4 அங்குலக் குழாய் எங்கள் வீதி முனையில் 2 அங்குலமாகச் சுருங்குகிறது" என்று எழுதிய மனுவுக்கும் நடக்கும் மரியாதையே வேறு.

விளக்கு என்றால் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கொடுங்கள். "பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில்" என்றால் நம்ம ஊரில் எந்தப் பிள்ளையார் கோயில்?

புது வடிகால், புது ரோடு, சிறுபாலம், பூங்காவுக்குச் சுற்றுச்சுவர், இதெல்லாம் காசு செலவாகிற வேலை. இதற்கு ஏ.இ. மதிப்பீடு போட வேண்டும், மேலே இருக்கும் பொறியாளர்கள் பார்க்க வேண்டும், நிதி எந்தத் தலைப்பில் என்று காட்ட வேண்டும், தொகையைப் பொறுத்து ஆணையாளரோ மன்றமோ அனுமதி தர வேண்டும், அப்புறம் டெண்டர், அப்புறம் பணி ஆணை. இதில் எந்தப் படியில் உங்கள் வேலை நிற்கிறது என்று தெரியாமல் "இன்னும் ஏன் ஆகலை" என்று கேட்டால் "ஆயிடுங்க" என்ற பதில்தான் வரும். "எஸ்டிமேட் போட்டாச்சுங்களா, எந்தத் தேதி, எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மனு

ஒரு பக்கம் போதும். ஒரு மனுவில் ஒரே குறை. மூன்று குறையை ஒன்றாக எழுதினால் அது மூன்று பிரிவுக்குப் போக வேண்டிய காகிதம், முதல் பிரிவிலேயே தங்கிவிடும். பொருள் வரியிலேயே எல்லாம் இருக்கட்டும், இப்படி:

"பொருள்: வார்டு எண் (இன்னது), காமராஜர் வீதி 2-வது குறுக்குத் தெருவில் மழைநீர் வடிகால் 14 அடி நீளத்துக்கு இடிந்து மண் சரிந்திருப்பதைச் சீரமைத்துத் தர வேண்டி."

அளவை நாடா வைத்து அளந்தே எழுதுங்கள். பகலில் எடுத்த இரண்டு போட்டோ, ஒன்று கிட்டத்தில், ஒன்று வீதி தெரிகிற மாதிரி. கீழே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்து, கதவு எண்ணோடு. ஐம்பது கையெழுத்து வாங்கி அலைய வேண்டியதில்லை, பாதிக்கப்பட்ட வீடுகள் போதும். "தாங்கள் கருணை கூர்ந்து" என்று அரைப்பக்கம் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடலாம், யாரும் படிப்பதில்லை.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, இன்னொன்றில் தேதி முத்திரையும் வரவு எண்ணும் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கறோம்" என்று சொல்வார்கள். நகராதீர்கள். அந்த எண் இல்லை என்றால் நீங்கள் மனு கொடுக்கவே இல்லை என்றுதான் கணக்கு. கோவையில் மேயர் மனு வாங்கும் குறைதீர்க்கும் நாள் செவ்வாய்க்கிழமை, டவுன்ஹாலில் இருக்கும் பிரதான அலுவலகத்தில். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு திங்கள்கிழமை, அங்கே கொடுத்தாலும் சுற்றி மாநகராட்சிக்குத்தான் வரும், ஆனால் கூடவே ஒரு நம்பர் வரும். 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரியில் பதிந்தாலும் அப்படியே. என்னைக் கேட்டால், முதலில் மண்டல அலுவலகத்தில் கொடுத்து அசையவில்லை என்றால்தான் செவ்வாய்க்கிழமை. கோவையில் மண்டலம் ஐந்து (வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்திய), வார்டு நூறு. திருப்பூர், ஈரோட்டில் மண்டலம் நான்கு, வார்டு அறுபது.

மன்றத்துக்குப் போவது எப்படி

மன்றக் கூட்டம் மாதம் ஒருமுறை. கோவையில் விக்டோரியா ஹாலில். வெளிநடப்பும் மைக் பிடுங்கலும்தான் மறுநாள் செய்தியில் வரும், ஆனால் கூட்டத்தின் நிஜமான வேலை அந்தச் சத்தத்துக்குக் கீழே நடக்கிறது. முன்கூட்டியே கவுன்சிலர்களுக்கு அஜெண்டா புத்தகம் போகும். ஒவ்வொரு பொருளும் ஒரே வார்ப்பில் இருக்கும்: இந்த வார்டில், இந்த வேலைக்கு, இத்தனை லட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது, இந்த நிதியில் மேற்கொள்ளலாம், "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது". பல பொருள்கள் விவாதமே இல்லாமல் வரிசையாக நிறைவேறிவிடும். அவசரம் என்று முன்னாடியே செய்துவிட்ட வேலைகள் "பின்னேற்பு" என்ற பெயரில் வரும், அவற்றைத்தான் கொஞ்சம் உற்றுப் படிக்க வேண்டும்.

உங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: எங்கள் வடிகால் அஜெண்டாவில் வந்ததா, பொருள் எண் என்ன? கவுன்சிலரால் ஏ.இ.யை மதிப்பீடு போடச் சொல்ல முடியும், மண்டலக் குழுவில் பேச முடியும், மன்றத்தில் கேள்வி எழுப்ப முடியும். செக்கில் கையெழுத்துப் போட முடியாது. அவரால் முடிகிறதைக் கேட்டால் அவருக்கும் சுலபம், நமக்கும் ஏமாற்றம் இல்லை. மனுவின் பிரதியை, வரவு எண்ணோடு, அவர் கையில் கொடுங்கள். மன்றத்தில் எழுந்து பேசும்போது கையில் ஒரு தேதி இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

மாதம் முக்கியம். பட்ஜெட் நிதியாண்டு தொடங்கும் முன், பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. அதற்கான வார்டு வேலைப் பட்டியல் அதற்கும் முன்னால் எழுதப்படுகிறது. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் சூட்டோடு சூடாக மனு கொடுத்து, கார்த்திகை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். கொடுத்த மனுவைத் தை மாதம் மறுபடி தூக்கிக்கொண்டு போகிறவர் வேலைதான் பட்டியலில் ஏறும்.

ஏரியா சபைகளையும் விடாதீர்கள். 2022-ல் விதி வந்தது, கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன் கீழே ஏரியா சபை, அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போகலாம். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் கட்சிக்காரர்கள்தான் போகிறார்கள். நீங்கள் நாலு பேர் போய் உங்கள் கோரிக்கையை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை உட்கார்ந்திருங்கள்.

வீதியில் காசு திரட்ட முடியும் என்றால் நமக்கு நாமே திட்டம் உண்டு. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சம் அரசு. பூங்கா, நூலகம், பள்ளிக் கட்டடம் மாதிரியானவற்றுக்கு நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒத்துவரும் வழி இது, கோயில் திருப்பணிக்கு வசூலித்துப் பழகிய கைதானே.

வரி, பிறப்புச் சான்று

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. முதல் அரையாண்டை ஏப்ரல் 30-க்குள், இரண்டாவதை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டைத் தாண்டி இழுத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஆன்லைனிலேயே கட்டலாம். ஆனால் ஒருமுறை ரசீதில் உங்கள் கட்டடப் பரப்பளவு என்ன என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 உயர்வில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. 1,780 அடி வீட்டை 1,820 என்று எழுதியிருந்தால் அந்த நாற்பது அடி ஒவ்வொரு அரையாண்டும் உங்கள் பாக்கெட்டைக் கடிக்கும். வரைபடத்தோடு மறு அளவீட்டுக்கு மனு கொடுங்கள்.

பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவு நடக்கும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்க் கோபியில் பிறந்த குழந்தைக்குக் கோவையில் சான்று கேட்டு நிற்பவர்களை இன்னமும் பார்க்கலாம். ஜோசியர் எழுத்துச் சொல்லிப் பெயர் முடிவாகத் தாமதமானாலும் பரவாயில்லை, பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் காசில்லை, அதற்கப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம்.

ஒன்றும் நகரவில்லை என்றால்

தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதி, இன்ன வரவு எண் மனுவின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், மதிப்பீடு இருந்தால் அதன் நகல், மன்றத் தீர்மானம் இருந்தால் அதன் எண்ணும் தேதியும். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. மாதக்கணக்கில் "ஆயிடுங்க" என்று சொன்ன இடத்தில் இருந்தே, இந்தத் தாள் உள்ளே போன வாரம், ஏ.இ. அளவு நாடாவோடு வீதிக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.