கர்னலின் கோப்பி டின்: கதையையும் படத்தையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் பத்துப் பேரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதை வாசிக்கிறேன். அப்புறம் அந்தக் கதையின் படத்தையும் பார்ப்போம். ஸ்பானியக் கதைகளில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், சின்னதாக எடுங்கள் என்பேன். கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தமிழில் இருக்கிறது, 2024 டிசம்பரில் தொடராகவும் வந்துவிட்டது. ஆனால் அது பிறகு. அதே மார்க்வெஸ் எழுதி 1961இல் நூலாக வந்த குறுநாவல் ஒன்று உண்டு, ‘கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை’: ஓய்வூதியக் கடிதத்துக்குக் காத்திருக்கும் வயதான கர்னலின் கதை. ஆர்துரோ ரிப்ஸ்டெய்ன் 1999இல் அதைப் படமாக்கினார்.

முதல் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். கர்னல் கோப்பி டின்னைத் திறக்கிறார். ஒரு கரண்டித் தூள்தான் மிச்சம். கத்தியால் சுரண்டுகிறார், துருவும் சேர்ந்து விழுகிறது. மனைவிக்குக் கொடுத்துவிட்டு, தான் குடித்தாயிற்று என்று பொய் சொல்கிறார். அங்கே நிறுத்துங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளை, “சம்பளத்துக்கு முந்தின கிழமை அம்மாவும் இப்படித்தான் சொல்லும்” என்றாள். அதற்குப் பிறகு கொலம்பியாவைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கர்னல் வெள்ளிக்கிழமைதோறும் தபால் படகைப் பார்க்கப் போவார். எங்கள் அப்பா, வேலையை விட்டபின் கிடைக்கவேண்டிய சேமலாப நிதிக் கடிதத்துக்காக நான்கு வருஷம் தோட்ட ஆபீசுக்கு நடந்தார். பிறந்த திகதியை யாரோ பிழையாக எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காத்திருப்பு இருக்கும். படம் போடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

படத்தை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் தகரக் கூரைச் சத்தம் படத்தின் மௌனத்தை விழுங்கிவிடும். படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வசனத்தை மட்டும் தமிழில் சொல்லட்டும். விளக்கம் வேண்டாம்.

‘புத்தகம் மாதிரியே இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். என்ன மாறியிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். ரிப்ஸ்டெய்ன் கதையை மெக்சிக்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார். நாவலில் மனைவி, சோறில்லாத நாட்களில் அயலவருக்குத் தெரியாமலிருக்கக் கல்லைப் போட்டு வேகவைத்ததாகச் சொல்வாள். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவின் அடுப்புப் புகை வரவில்லையென்றாலே விஷயம் தெரிந்துவிடும். அந்த வரி அத்தனை பேரையும் அமைதியாக்கியது. படத்தில் அந்த வறுமை, மனைவியாக நடித்த மரிசா பரேதெஸின் முகத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கர்னலின் செத்துப்போன மகன் விட்டுப்போன சண்டைச் சேவலை விற்பதா, வளர்ப்பதா என்று வாக்கெடுங்கள். படத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. எங்களிடம் முதலில் ஆறு பேர் விற்கச் சொன்னார்கள், பிறகு இரண்டே பேர்.

இது பிடித்துப்போனால் லாரா எஸ்கிவெலின் சமையல் குறிப்புகள் நிறைந்த 1989 நாவலுக்கு (ஆங்கிலத்தில் ‘Like Water for Chocolate’) போகலாம். படம் 1992இல் வந்தது. அதற்கு அம்மாக்களையும் கூப்பிடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். என்ன சாப்பிடுவது என்று மனைவி கேட்கும்போது, எழுபத்தைந்து வயதுக் கர்னல் ஒரே ஒரு கெட்ட வார்த்தையில் பதில் சொல்வதோடு நாவல் முடிகிறது. பிள்ளைகள் இருக்கிறார்களே என்று அதை விழுங்கிவிடாதீர்கள். எங்களில் மூத்த பையன் எழுந்து நின்று வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை.