.22 ரிவால்வரில் உலர் பயிற்சியா? காலித் தோட்டாக்களைத் தூக்கிப் போடாதீர்கள்

.22 ரிம்ஃபயர் ரிவால்வரை வைத்து வீட்டில் குண்டில்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுபவர்கள், சிலிண்டரில் சுட்டுமுடித்த காலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் இருப்பதால், தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னும் விளிம்பில்தான் அடிக்கும். சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறை (சேம்பர்) வெறுமையாக இருந்தால் பல மாடல்களில் அந்த அடி நேராக அறையின் இரும்பு ஓரத்தில் விழுந்து, ஃபயரிங் பின் மழுங்கும், ஓரம் நசுங்கும். அப்புறம் தோட்டா உள்ளே போகவே அடம்பிடிக்கும். காலித் தோட்டா இருந்தால் அதன் மெல்லிய பித்தளை அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய இடத்தில் பலன் குறைவு என்பதால் அவ்வப்போது சற்றுத் திருப்பி வையுங்கள். காலி என்று அடையாளம் தெரிய, அதன் அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு. சுடாத, வெடிக்கக்கூடிய தோட்டா நீங்கள் பழகும் வீட்டு அறையிலேயே இருக்கக் கூடாது, இதில் சமரசமே இல்லை.

.32 போன்ற நடுவில் அடிக்கும் ரகங்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு ஸ்னாப் கேப் எனப்படும், பயிற்சிக்கென்றே செய்த போலித் தோட்டாதான். வெறுமையாக இயக்கலாம் என்று கையேடே சொல்லும் மாடல்களுக்குத் தேவையில்லை. டெல்லியில் துக்ளகாபாத் ரேஞ்சிலோ உங்கள் கிளப்பிலோ சுடுபவர்கள், காலிகளைத் திருப்பித் தர வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முயல், கௌதாரி நினைப்பில் யாரும் பழக வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அவற்றை வேட்டையாடுவது குற்றம். காகித இலக்கே போதும்.