தீபாவளி முறுக்கு எண்ணெயில் பிரிகிறதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தீபாவளி நேரத்தில் சாயங்கால மழைக்குக் குறைவில்லை. முறுக்கு நமுத்துப்போக அதுவே போதும்.

4 கப் பச்சரிசி மாவுக்கு வறுத்தரைத்த உளுந்து மாவு 1 கப், வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஓமம், உப்பு. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தால் வெண்ணெய் 2 மேசைக்கரண்டி போதும். பாலிலேயே கொழுப்பு இருக்கிறதே! கொழுப்பு கூடினால்தான் முறுக்கு எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைகிறது. பிழியும்போதே இழை அறுந்தால் ஈரம் பற்றவில்லை. கையை நனைத்து மறுபடி பிசையுங்கள். மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைக்க வேண்டாம், கடைசி ஈடு சிவந்துபோகும்.

எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம். சூட்டோடு டின்னில் அடைத்தால் மூடி வேர்க்கும், மொறுமொறுப்பு போய்விடும். காற்றாடிக்கு அடியில் தாளில் பரப்பி, முழுசாக ஆறவிட்டு அடையுங்கள்.