பத்து பாகம் தாண்டிய கேம் தொடருக்குள் கதைக்காக நுழைவது எப்படி

பத்து பாகம் வந்துவிட்ட ஒரு கேம் தொடரைப் புதிதாகத் தொடப்போகிறவர் முதலில் கேட்பது, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வரிசை சொல்வார்கள். அம்புக்குறி போட்ட வரைபடம்கூடக் கிடைக்கும். பாதிப் பேர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆடச் சொல்வார்கள், ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளைகளையும் துணைப்பாட வகுப்புக்குக் கூட்டிப்போய்க்கொண்டு இருக்கிறவர் அதை ஆடி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பாகம் வந்துவிடும். நான் சொல்லும் வழி வேறு. கதையை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள். தொடரில் உங்களுக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் போகிற பாகங்களுக்கு மட்டும் போங்கள். மற்றதெல்லாம் பிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

நீண்ட தொடர்களில் கதை பெரும்பாலும் ஒட்டுப்போட்டதுதான். முதல் பாகத்தை எழுதும்போது இரண்டாவது வருமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. விற்றால் அடுத்தது வரும், அதற்குள் எழுதியவர் மாறியிருப்பார், கன்சோல்கூட மாறியிருக்கும். செல்டா தொடரின் முதல் கேம் வந்தது 1986-இல். எந்த கேம் எதற்கு முன், எதற்குப் பின் என்று நிண்டெண்டோ அதிகாரபூர்வமாகப் புத்தகம் போட்டு வரிசைப்படுத்தியது 2011-இல், அதுவும் ஒக்கரினா ஆஃப் டைம் என்ற பாகத்துக்கு அப்புறம் மூன்று கிளையாகப் பிரியும் வரிசை. 25 வருடம் கழித்து உட்கார்ந்து கணக்கு நேர்செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜப்பானிய ரவுடிக் கும்பல்களின் கதையான யாக்குசா தொடரின் நான்காம் பாகத்தில் ஒரு பழைய கொலைச் சம்பவத்துக்கு, சுட்டது ரப்பர் தோட்டா என்று ஒரு விளக்கம் கொடுப்பார்கள். அதை ஆடிய யாரிடமாவது போய் 'ரப்பர் தோட்டா' என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். ஆனால் அதே பாகத்தில் சாயெஜிமா என்ற ஆள் அந்தப் பழியை 25 வருடம் சிறையில் சுமந்துவிட்டு வெளியே வந்து நிற்கும் விதத்தை யாரும் கேலி செய்வதில்லை. கதையில் ஓட்டை விழுந்தாலும் ஆள் நிற்கிறார்.

முதலில் பார்க்க வேண்டியது, தொடர் எந்த ரகம் என்று. ஃபைனல் ஃபேண்டசியில் எண் போட்ட பாகம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனி உலகம். சொகோபோ பறவையும் சிட் என்ற பெயரில் யாராவது ஒருவரும் திரும்பத் திரும்ப வருவார்களே தவிர, ஆட்கள் புதியவர்கள். அதனால் எதையும் எடுக்கலாம், கவலையே இல்லை. அசாசின்ஸ் கிரீட்டில் காலமும் ஊரும் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் எட்ஸியோ ஒருவருக்கு மட்டும் 2009 முதல் 2011 வரை மூன்று கேம் கிடைத்தது. பிறந்த குழந்தையாக அறிமுகமாகி, நரைத்த தாடியோடு கான்ஸ்டான்டினோப்பிளில் வந்து நிற்கிறார். அந்த மூன்றை மட்டும் ஆடினாலே போதும். (அதற்குப் பிந்தைய பாகங்களின் கடற்சண்டையை நம் ஒன்-நார்த் பக்கம் இருக்கும் யுபிசாஃப்ட் சிங்கப்பூர்க்காரர்கள் செய்தார்கள் என்பதற்காகவே பிளாக் ஃபிளாக் ஆடுபவர்களும் உண்டு, அதுவும் நல்ல காரணம்தான்.) மூன்றாவது ரகம் காட் ஆஃப் வார் மாதிரி, ஒரே ஆள் ஆண்டுக்கணக்காகத் தொடர்வது. நான் இங்கே சொல்லப்போவது முக்கியமாக இந்த ரகத்துக்குத்தான் உதவும்.

வரிசை என்று வந்தால், கேம் வெளியான வரிசையில் ஆடுங்கள். கதை நடக்கும் வரிசையில் வேண்டாம். முன்கதையாக வரும் பாகத்தை எழுதியவர்கள், பின்னால் நடப்பது உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் எழுதுகிறார்கள். யாக்குசாவின் மஜிமா கோரோவைப் பாருங்கள். 2005-இல் வந்த முதல் பாகத்தில் அவர் ஒற்றைக்கண் கிறுக்கர், கத்தியைச் சுழற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே சண்டைக்கு வருவார். பத்து வருடம் கழித்து வந்த யாக்குசா ஜீரோ 1988-க்குப் போகிறது. அங்கே அவர் ஒசாகாவில் ஒரு கேபரே விடுதியின் மேலாளர், கோட்டுசூட்டு போட்டு, முடியைப் பின்னால் கட்டி, பணிவாகப் பேசுகிற மனிதர். அந்த விடுதியே அவருக்குச் சிறை. இந்த மனிதர் எப்படி அந்தக் கிறுக்கரானார் என்பதுதான் மீதிக் கதை. முதலில் சிரித்துவிட்டு அப்புறம் ஜீரோவுக்கு வருகிறவருக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொள்ளும். நேராக ஜீரோவில் ஆரம்பித்தவருக்கு அது கிடைக்காது.

சரி, விதிவிலக்கு உண்டு, அதுவும் இதே தொடர்தான். முதல் பாகத்தின் ரீமேக்கான கிவாமி 2016-இல், ஜீரோவுக்குப் பிறகு வந்தது. ஜீரோவை மனத்தில் வைத்து அதில் புதுக் காட்சிகள் சேர்த்திருக்கிறார்கள். மஜிமாவும் குப்பைத்தொட்டியிலிருந்தெல்லாம் எழுந்துவந்து உங்களை வம்புக்கு இழுப்பார். பழைய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கை இப்போது யார் தேடுவது? ஜீரோ, அப்புறம் கிவாமி என்று போவதில் தப்பில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இங்கே சிங்கப்பூரில் கைமாறும் பழைய டிஸ்க்குகளில் ஆசியப் பதிப்புகள் நிறைய இருக்கும், சில யாக்குசா பாகங்கள் ஜப்பானிய மொழியிலோ சீனத்திலோ மட்டும் இருக்கும். அட்டையைத் திருப்பி மொழி பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கதைக்காக ஆடப்போகிறவருக்கு எழுத்து புரியவில்லை என்றால் என்ன பயன்.

வயது முத்திரையையும் பாருங்கள், எம்18 என்றால் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். என் அண்ணன் மகனுக்கு 14 வயது. "சித்தப்பா, காட் ஆஃப் வார் இரவல் குடுங்க" என்று கேட்டான், செல்டாவைக் கொடுத்து அனுப்பினேன். முகம் தொங்கிப்போச்சு, ஆனால் எம்18 என்றால் எம்18தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆளைப் பின்தொடர்வது என்றால் எதைப் பார்ப்பது? வசனத்தைவிடக் கையைப் பாருங்கள். ஒருவர் முந்தைய பாகத்தில் எதைத் தொட்டார், எதை ஏந்தினார், யாரை அடித்தார், இப்போது எதைத் தொடத் தயங்குகிறார் என்பதில்தான் எழுத்தாளர்களின் உழைப்பு இருக்கும். நம் சீரியல்களில் ஒருநாள் திடீரென்று 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போடுவார்கள், நாமும் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வோம். காட் ஆஃப் வார் நாயகன் கிரேட்டோசுக்கும் அது நடந்தது. 2005 முதல் டெரன்ஸ் கார்சன் குரல் கொடுத்தார், 2018-இல் கிறிஸ்டபர் ஜட்ஜ் வந்தார். குரல் மாறியது, ஊர் கிரேக்கத்திலிருந்து வடதேசப் பனிக்கு மாறியது, கேமரா கோணம்கூட மாறியது. ஆனாலும் அவரேதான் என்று எப்படித் தெரிகிறது? ஆரம்பத்தில், தாயை இழந்த மகனின் தோள்பக்கம் கையை நீட்டுகிறார், தொடாமலே இழுத்துக்கொள்கிறார். பழைய கேம்களில் அந்தக் கை சொந்த மனைவியையும் மகளையும் கொன்ற கை. அவர்களின் சாம்பல்தான் அந்த வெள்ளைத் தோல். இதையெல்லாம் யாரும் அந்தக் காட்சியில் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் மகன் நோயில் விழுகிறான். மருந்துக்குப் போக வேண்டிய ஹெல்ஹெய்ம் என்ற இறந்தவர்களின் உலகத்தில் கிரேட்டோசின் பனிக்கோடரி வேலைக்கு ஆகாது. தனியாகப் படகில் வீடு திரும்புகிறார், தரைக்கு அடியில் ஒளித்துவைத்த துணிச்சுற்றைப் பிரிக்கிறார், உள்ளே பழைய சங்கிலிக் கத்திகள். இதுவரை முன்கையில் கட்டியிருந்த துணி எதை மறைத்தது என்று அப்போது புரியும், அந்தச் சங்கிலி போட்ட சூட்டுத் தழும்பை. பழைய பாகம் ஆடாதவருக்கு இங்கே ஒரு புது ஆயுதம் கிடைக்கிறது. ஆடியவருக்கு, 'ஐயோ இதை எடுக்காதே' என்று தோன்றும், ஆனால் எடுக்கச் சொல்லிப் பட்டனை அழுத்துவதும் அவர்தான். இதற்காக எல்லாப் பழைய பாகத்தையும் ஆட வேண்டாம். ஏதாவது ஒன்றைச் சில மணி நேரம் ஆடி, அந்தக் கத்தி கைக்குப் பழகினாலே போதும். மூன்றாம் பாகம் இன்றைக்கும் ஆடத் தாங்கும்.

துணை ஆட்களை விடாதீர்கள். டிரெயில்ஸ் தொடர் 2004-இல் தொடங்கியது, அதன் பலமே தெருவில் நிற்கும் பெயர் தெரியாத ஆட்கள்தான். பெரிய சம்பவம் ஒன்று முடிந்ததும் ஊரில் கிட்டத்தட்ட எல்லாருடைய பேச்சும் மாறியிருக்கும், போன அத்தியாயத்தில் காதலியைத் தேடிக்கொண்டிருந்த பையன் இந்த அத்தியாயத்தில் பக்கத்து ஊர் ரயிலடியில் நிற்பான். அம்புக்குறியைப் பார்த்து ஓடாமல், ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஒரு சுற்றுப் போய் எல்லாரிடமும் பேசுங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்தால் அலுக்கும். ஸ்விட்சில் போட்டு எம்ஆர்டி-யில் ஆடுங்கள், செங்காங்கில் ஏறினால் டோபி காட் வருவதற்குள் ஒரு ஊர் முடிந்துவிடும்.

மாஸ் எஃபெக்ட் வேறு மாதிரி. நீங்கள் எடுத்த முடிவு சேவ் கோப்போடு அடுத்த பாகத்துக்குப் போகும். இந்த கேமை 2007 நவம்பரில் இங்கே தடை செய்தார்கள் என்பது இப்போது பலருக்கு ஞாபகம் இருக்காது. ஒரு மனிதப் பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் நெருங்கும் ஒரு காட்சிதான் காரணம். சில நாளிலேயே தடையை எடுத்துவிட்டு எம்18 முத்திரை குத்தினார்கள். முதல் பாகத்தில் ரெக்ஸ் என்ற கூட்டாளி ஒரு கட்டத்தில் உங்கள்மேல் துப்பாக்கியைத் திருப்புவார். பேச்சுத் திறமையை வளர்க்காமல், அவருடைய குடும்பக் கவசத்தைத் தேடிக் கொடுக்கும் சின்ன வேலையையும் செய்யாமல் போயிருந்தால் அவர் அங்கேயே சாகலாம். செத்தால், அடுத்த பாகங்களில் அவர் உட்கார வேண்டிய இடத்தில் ரீவ் என்ற சகோதரன் உட்கார்ந்திருப்பான், உங்களை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டான். என் யோசனை: பழைய சேவ் கோப்பை ஏற்றித் திருத்தாதீர்கள். ரெக்ஸ் போனால் போகட்டும், ரீவோடு ஓட்டுங்கள். மூன்று பாகமும் 2021-இல் ஒரே தொகுப்பாக வந்துவிட்டதால் கோப்பை மாற்றும் தலைவலியும் இல்லை.

நடுவில் நின்றுபோவது பற்றி. தேசிய சேவைக்கு (என்எஸ்) போகிற பையன்களுக்கு இது கட்டாயம் நடக்கும், வார இறுதியில் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கும். சேவ் கோப்பைத் திறந்தால் யார் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. நிறுத்தும்போது ஃபோனில் இரண்டு வரி எழுதிவையுங்கள், அடுத்து எங்கே போக வேண்டும் என்று அல்ல, அதை கேமே சொல்லிவிடும். யாருக்கு யார்மேல் கோபம், யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்று எழுதுங்கள். மூன்று மணி நேரச் சுருக்க வீடியோ பார்ப்பதற்குப் பதில், அந்த ஆள் வரும் இரண்டு காட்சியை முழுதாகத் திரும்பப் பாருங்கள். சுருக்க வீடியோவில் சம்பவம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

நாயகன் மாறும் பாகம்தான் பலர் கழன்றுகொள்ளும் இடம். மெட்டல் கியர் சாலிட் 2 வந்தபோது, 2001-இல், விளம்பரமெல்லாம் பழைய நாயகன் ஸ்நேக்கைக் காட்டிவிட்டு முதல் அத்தியாயம் முடிந்ததும் ரெய்டன் என்ற புது ஆள் கையில் ஆட்டத்தைக் கொடுத்தார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள். புது ஆளுக்கு ஒரு முழு பாகம் கொடுங்கள், அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். அதிலும் அவர் சண்டை போடும் முறையைப் பாருங்கள். யாக்குசாவின் பழைய நாயகன் கிரியு பத்து வருடத்துக்கும் மேல் தனியாளாக முஷ்டியால் அடித்துத் தள்ளியவர். 2020-இல் உலகம் முழுக்க வந்த அதே தொடரின் லைக் அ டிராகனில் புது நாயகன் இச்சிபான் வந்ததும் சண்டையே முறைவைத்து நடக்கும் ஆட்டமாகிவிட்டது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. இச்சிபான் சின்ன வயதிலிருந்து டிராகன் குவெஸ்ட் பைத்தியம், தன்னை அந்த நாயகனாகவே நினைத்துக்கொள்கிறவர், தெருப் பொறுக்கிகூட அவர் கண்ணுக்கு ராட்சசனாகத் தெரிகிறான். அவரால் தனியாக ஜெயிக்க முடியாது, கூட ஆள் வேண்டும். அதைத்தான் அந்தச் சண்டை முறை சொல்கிறது.

2024-இல் வந்த அதன் அடுத்த பாகமான இன்ஃபினிட் வெல்த்தில் இருவரும் ஒன்றாக வருகிறார்கள். கிரியுவுக்குப் புற்றுநோய், இது முன்னோட்டத்திலேயே சொன்னதுதான். அவரும் இப்போது முறைவைத்துத்தான் அடிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அவருக்கு மட்டும் ஒரு சிறப்பு வித்தை உண்டு: அதைப் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு வரிசை, முறை எதுவும் கிடையாது, பழைய கேம் மாதிரி இஷ்டத்துக்கு ஓடி ஓடி அடிப்பார். நேரம் முடிந்ததும் மறுபடி வரிசையில் வந்து நிற்பார். முதுமையைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிய வசனங்களைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

இதையெல்லாம் சின்ன அளவில் பழக ரெசிடென்ட் ஈவில் 2-இன் 2019 ரீமேக்கையும், 4-இன் 2023 ரீமேக்கையும் எடுங்கள். லியான் முதலாவதில் வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே மாட்டிக்கொள்ளும் புது போலீஸ்காரர், அடுத்ததில் கதைப்படி ஆறு வருடம் கழித்து அரசாங்க ஏஜெண்டு, நக்கல் பேசுகிறவர். அந்த நக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே ஆடுங்கள்.

எப்போது விடுவது? புதுப் பாகத்தை முடித்ததும் உங்களையே கேளுங்கள், இந்த ஆள் இதில் செய்த ஏதாவது ஒன்று, போன பாகத்தில் அவரால் செய்திருக்கவே முடியாததா? இரண்டு பாகம் தொடர்ந்து இல்லை என்று பதில் வந்தால் பழைய முகத்தைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்ததற்கு முன்பதிவு செய்யாதீர்கள், கையில் இருக்கும் டிஸ்க்கையும் விலை இறங்குவதற்குள் விற்றுவிடுங்கள்.