பிரிட்டன் நினைவு அஞ்சல்தலைகள்: சேகரிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1887இல் வந்த விக்டோரியா அரசியின் 'ஜூபிலி' தலைகளைப் பிரிட்டனின் முதல் நினைவு அஞ்சல்தலை (ஒரு நிகழ்வைக் குறிக்க வெளியிடும் தலை) என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொன்விழா ஆண்டில் வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. விழாவைக் குறிக்கும் ஒரு சொல்லும் அவற்றில் கிடையாது. அன்றாடப் புழக்கத்துக்கான சாதாரணத் தலைகள்தான். முதல் நினைவுத் தலைகள் 1924 ஏப்ரல் 23இல், லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்காக வந்தன: 1 பென்னி சிவப்பு, 1½ பென்னி பழுப்பு. இரண்டிலும் ஹரால்ட் நெல்சன் வரைந்த சிங்கம்.

அந்தச் சிங்கத்திலேயே அடுத்த சறுக்கல். கண்காட்சி மறு ஆண்டும் நடந்ததால் அதே படம், அதே நிறம், ஆண்டு மட்டும் 1925 என்று மாறி வெளிவந்தது. பயன்படுத்தாத 1925 ஆண்டின் 1½ பென்னிக்குத்தான் விலை அதிகம். அஞ்சல் முத்திரையின் தேதியைப் பார்த்து ஆண்டை முடிவுசெய்யாதீர்கள். 1924 தலையை 1925இலும் கடிதத்தில் ஒட்டியிருப்பார்கள். தலையில் அச்சான ஆண்டை லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

1929இல் லண்டனில் நடந்த உலக அஞ்சல் ஒன்றிய மாநாட்டுக்கான 1 பவுண்டு கறுப்புத் தலை, போலிகளுக்குப் பிடித்த இலக்கு. அசலில் மை சற்று மேடாக நிற்கும், துளை அளவு 12 (ஓரத்தில் 2 செ.மீ.க்கு 12 துளைகள்), பின்புறம் நீர்க்குறி (காகிதத்திலேயே பதிந்த மங்கலான குறி) இருக்கும். பசை புதிதுபோல் மின்னினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். மறுபசை பூசியிருந்தால் துளைப் பற்களின் நுனியில் பசை வழிந்து விறைத்திருக்கும்.

1935இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாத் தொடரின் 2½ பென்னி, தவறுதலாகப் 'பிரஷ்யன் நீல'த்தில் (வழக்கமானதைவிடப் பச்சை கலந்த கருநீலம்) சில தாள்கள் லண்டன் எட்மண்டன் அஞ்சலகத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. அன்றிலிருந்து நிறம் மாறிய ஒவ்வொரு நீலத் தலையும் சிலர் கண்ணுக்குப் புதையல். வெயிலும் ரசாயனமும் நீலத்தைத் திரித்துவிடும். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 1960களின் 'தங்க நிறத்தில் அச்சாக வேண்டிய அரசியின் முகம் விடுபட்ட' பிழைகளுக்கும் இதே எச்சரிக்கை. தங்க மையை நீக்கிப் பிழை தயாரிப்பது பழைய கலை.

1962 நவம்பரில் வந்த தேசிய உற்பத்தித்திறன் ஆண்டுத் தொடரிலிருந்து பல நினைவுத் தலைகள் இரண்டு வகையாக வந்தன: சாதாரணம், பாஸ்பர் பட்டை (கடிதம் பிரிக்கும் இயந்திரம் கண்டுகொள்ள அச்சிடும் ஒளிரும் கோடு) உள்ளது. விலை வேறுபடும். தலையைச் சாய்த்து ஒளியில் பார்த்தால் பட்டைகள் மங்கலாகத் தெரியும். கடைகளில் கிடைக்கும் நீண்ட அலைநீளப் புற ஊதா விளக்கு இதற்கு உதவாது, குறுகிய அலைநீள விளக்கு வேண்டும்.

நாட்டின் பெயரைத் தேடி ஏமாறுவதும் வழக்கம். பிரிட்டன் தலைகளில் பெயர் இருக்காது, அரச முகம்தான் அடையாளம். 1969 ஆகஸ்ட் 13இல் வந்த பிமன் மல்லிக் வடிவமைத்த காந்தி தலையை (1 ஷில்லிங் 6 பென்ஸ்) ஆல்பத்தின் இந்தியப் பக்கத்தில் வைத்துவிடுவது அப்படித்தான். அரியது என்று யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

தபால் செலவுக்குப் பயன்படுத்த நினைத்தால்: 1 பவுண்டு தவிர, ஷில்லிங், பென்ஸ் காலத் தலைகள் 1972 மார்ச் 1 முதல் செல்லாது. தசம மதிப்பு (1 பவுண்டுக்கு 100 பென்ஸ்) கொண்ட நினைவுத் தலைகள் செல்லும். 2023இல் செல்லாமல் போனவை பார்கோடு இல்லாத அன்றாடத் தலைகள் மட்டுமே.