பல்கலைக்கழகப் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு அனுப்புவது?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி கட்டணம். அது தாளிலேயே அச்சாகி வந்துவிடும். மாதாமாதம் செலவுக்கு எவ்வளவு என்ற இரண்டாவது கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. பக்கத்து வீட்டில் 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுக்கிறார்களாம், மாமா பையனுக்கு 1,000 போகிறதாம் என்று விசாரித்து, நடுவில் ஒரு தொகையை வைத்துவிடுகிறோம். அப்படி வைக்காதீர்கள். பிள்ளை எங்கே தங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, எதில் போய்வருகிறது என்று கேட்டு, அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நான் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மூத்தவள் கோலாலம்பூரில், மலாயா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வளாகத்து விடுதியில்தான் தங்கல். கீழே வருவது அவளுடைய கணக்கு. உங்கள் பிள்ளைக்குத் தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதுதான் போகும். விடுதி அறையில் சமைக்க விடமாட்டார்கள், மூன்று வேளையும் கடைதான். சேர்ந்த புதிதில், ஒரு வாரத்துக்குச் சாப்பிடும் தட்டைப் படம் எடுத்து, அடியில் விலையை எழுதி வாட்ஸ்அப்பில் போடு பாப்பா என்று சொன்னேன். அந்தப் படங்கள் சொல்லிக் கொடுத்த அளவுக்கு வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் ஒரு நாசி லெமாக் பொட்டலமும் தே ஓவும் (பால் இல்லாத தேநீர்) 4 வெள்ளி. மதியம் சோறு, ஒரு துண்டு கோழி, ஒரு காய், மேலே கொஞ்சம் குழம்பு, 7 வெள்ளி. கோழிக்குப் பதில் முட்டை எடுத்தால் 5. ராத்திரி மாமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக்கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் 6 வெள்ளியைத் தொடும், சோறு என்றால் 7. பார்த்தால் பாதிப் படங்களில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் மைலோ நின்றது, அது தனியாக 3 வெள்ளி. தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனாலே மாதத்தில் ஒரு நல்ல தொகை மிஞ்சும்.

ஆக ஒரு நாளைக்கு 18 வெள்ளி, முப்பது நாளுக்கு 540. 2023 ஜனவரியில் அரசாங்கம் தொடங்கிய மெனு ரஹ்மா திட்டத்தில் 5 வெள்ளிக்கோ அதற்குக் கீழோ ஒரு சாப்பாடு உண்டு. பிள்ளைகள் அதைச் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கட்டும். ஆனால் அதை நம்பி மாதக் கணக்கு போடாதீர்கள், எல்லாக் கடையிலும் கிடைக்காது. புரட்டாசியில் மாதம் முழுக்கச் சைவம் இருக்கிற பிள்ளை என்றால் வளாகக் கடைகளில் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. பிரிக்பீல்ட்ஸ் வரை போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் செலவு ஏறும். அந்த மாதத்துக்கு நான் 60 வெள்ளி கூட்டிப் போடுகிறேன். ஆண் பிள்ளைக்கு ஒரு தட்டு சோறு போதாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

போக்குவரத்து சுலபம். கோலாலம்பூரில் மை50 அட்டை எடுத்தால் 50 வெள்ளிக்கு 30 நாள் எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பஸ் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம். கொமுட்டர் ரயில் அதில் சேராது. செந்தூலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு என் மகள் எல்ஆர்டியிலேயே போய்விடுகிறாள். கிள்ளானில் சொந்தக்காரர் வீடு இருந்து, அங்கே அடிக்கடி கொமுட்டரில் போகிற பிள்ளைக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மற்றவை சின்னச் சின்னது. கைப்பேசி 35, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 40, சோப்பு, ஷாம்பு, மாதவிலக்கு நாப்கின் எல்லாம் சேர்த்து 50, அச்சடிக்க, நகலெடுக்க 20. அப்புறம் 80 வெள்ளி அவளுடைய இஷ்டத்துக்கு. சினிமாவோ சிநேகிதி பிறந்தநாளோ, அதில் நான் கணக்குக் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. எல்லாம் கூட்டினால் 815 வெள்ளி.

வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் இதன்மேல் ஏறும். ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் சேர்ந்து பெலஞ்சாவான்கு என்று ஒரு செலவு வழிகாட்டி வெளியிடுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக இருந்து பொதுப் போக்குவரத்தில் போய்வரும் ஒருவருக்கு மாதம் 1,930 வெள்ளி என்று 2022/23 பதிப்பு சொன்னது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வேலைக்குப் போகிறவர்களுக்கான கணக்கு. ஆனால் எந்தெந்தச் செலவு விட்டுப்போகிறது என்று சரிபார்க்க நல்ல பட்டியல்.

இனி, வீட்டுப் பங்கு எவ்வளவு? பிடிபிடிஎன் என்கிற அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைக்கிற பிள்ளை என்றால் முதலில் அதைக் கழியுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுத் தொகை, 75 விழுக்காடு, 50 விழுக்காடு என்று கொடுப்பார்கள். மாதாமாதம் வராது, படிப்புத் தவணைக்கு (செமஸ்டர்) ஒரு முறைதான் வரும், அதிலும் கட்டணம் போக மிச்சம்தான் கைக்கு. அந்த மிச்சம் 2,000 வெள்ளி என்று வையுங்கள். தவணை நான்கு மாதம்தானே என்று நான்கால் வகுக்காதீர்கள். தேர்வு வாரம், இடைவிடுமுறை எல்லாம் சேர்ந்து இழுக்கும். ஐந்தால் வகுத்தால் மாதம் 400. 815-இல் 400 போனால் வீட்டிலிருந்து 415. அந்த 2,000-த்தைப் பிள்ளை தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் 400 மட்டும் எடுக்க வேண்டும். மொத்தமாக அட்டைக் கணக்கில் கிடந்தால் தங்காது. அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் தவணையில் மட்டும் கடன்பணம் கைக்கு வரத் தாமதமாகும். பதிவு, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கு முழு 815-உம் வீட்டிலிருந்து போகும் என்று வைத்து, பிள்ளை ஆறாம் படிவத்தில் இருக்கும்போதே சேர்க்கத் தொடங்குங்கள். வாளி, மெத்தை விரிப்பு, கட்டணம் என்று அந்த நேரத்தில் எல்லாம் ஒன்றாக வரும்.

415 முடியாத வீடுகள் நம்மில் நிறைய உண்டு. அப்போது பிள்ளையை உட்கார வைத்துச் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். வீட்டுக் கடன், கார், தம்பி டியூஷன் போக இவ்வளவுதான் மிச்சம் என்று எண்ணைக் காட்டிப் பேசினால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். காட்டாமல் "காசு மரத்திலயா காய்க்குது?" என்று கேட்டால், கேட்கவே கூசி, சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள். எதைக் குறைத்தாலும் அந்த 540-ஐக் குறைக்காதீர்கள். சிஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) இறங்கிவிட்டது, பேச்சைக் கேட்கவில்லை என்று சாப்பாட்டுக் காசில் கை வைக்கவே வேண்டாம். கோபம் இருந்தால் வேறு வழியில் காட்டுங்கள். பசித்த வயிற்றோடு விரிவுரையில் உட்காரும் பிள்ளைக்கு மதிப்பெண் எப்படி ஏறும்?

அனுப்பும் விதமும் முக்கியம். முதல் தவணை முழுக்க வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அனுப்புங்கள். கையில் 400 இருந்தால் முதல் பத்து நாளில் ராஜா மாதிரி இருந்துவிட்டுக் கடைசி வாரம் மேகியில் ஓட்டுவார்கள். இரண்டாம் தவணையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று மாற்றலாம். போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "சாப்பிட்டேன்மா"தான். "என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் கணக்கில் காசு இல்லை என்று அர்த்தம்.

இதற்கு வெளியே 150 வெள்ளி அவசரத்துக்கென்று தனியாக இருக்கட்டும். காய்ச்சல் வந்து கிளினிக் போக, ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்ஆர்டி நிலையத்திலிருந்து கிராப் வாடகைக் கார் எடுக்க. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்காமல் திரும்ப நிரப்பிவிடுங்கள். பெண் பிள்ளை இருட்டில் தனியாக நடந்து பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஊர் வருகிற பஸ் டிக்கெட்டும் மாதச் செலவில் சேராது, அதை முன்கூட்டியே நாமே வாங்கிவிடுவது நல்லது.

காசுத் தட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளையைத் தேடி ஆள் வரும் என்பதையும் சொல்லி வையுங்கள். உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, சில நூறு தருகிறோம் என்பார்கள். ஏமாற்றுக் காசைச் சுற்றிவிடத்தான் அது. கொடுத்தவர்மீதே வழக்கு வரும். ஏற்கெனவே கணக்கிலிருந்து காசு போய்விட்டதென்றால் உடனே வங்கியையோ 997 என்ற மோசடிப் புகார் எண்ணையோ கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது வாங்கு, பிறகு கட்டு என்கிற கைப்பேசிக் கடன்களையும் முதல் ஆண்டில் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பகுதிநேர வேலையைப் பொறுத்தவரை, முதல் தவணையில் வேண்டாம் என்பேன். பிறகு வார இறுதியில் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தால் சம்பாதிக்கட்டும். ஆனால் அதைக் காட்டி வீட்டிலிருந்து போகும் தொகையைக் குறைக்காதீர்கள், அது அவர்கள் உழைப்பு.

ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு வாரத் தட்டுப் படங்களை மறுபடி கேட்டு, விலை ஏறியிருந்தால் தொகையை மாற்றுங்கள். தொழிற்பயிற்சி வரும் தவணைக்கு இந்தக் கணக்கு உதவாது. அலுவலக உடை, காலணி, விடுதி கிடைக்காவிட்டால் வாடகை, முன்பணம் எல்லாம் ஒரே மாதத்தில் வரும். நிறுவனம் ஏதாவது உதவித்தொகை கொடுத்தாலும் முதல் மாதம் முடிந்த பிறகுதான் கையில் வரும். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று தெரிந்த அன்றே புதிய தாளில் முதலிலிருந்து போடுங்கள்.