கோரி மீன் வளர்ப்பு: தொட்டியின் தரையில் நடக்கும் தவறுகள்

"கிளீனர் மீன் சார், அடியில கிடக்கிறதையெல்லாம் தின்னுடும்." கடைகளில் கோரி மீனை, அதாவது தொட்டியின் அடியில் மேயும் சின்னக் கெளுத்தியை, பெரும்பாலும் இப்படிச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. நான்கு வாங்கி, கப்பியும் மோலியும் இருந்த தொட்டியில் விட்டேன். மேலே நீந்தும் மீன்களுக்கு மிதக்கும் தீனி போட்டேன், கோரிக்கென்று எதுவும் போடவில்லை. இரண்டே மாதத்தில் வயிறு ஒட்டி இரண்டு செத்துப் போயின. மற்ற மீன்களின் கழிவைக் கோரி தின்னாது. புழுவும் சிறு பூச்சிகளும் தேடித் தின்னும் மீன் அது. இரவு விளக்கை அணைத்த பிறகு அடியில் மூழ்கும் தீனியைத் தனியாகப் போட வேண்டும்.

நான் சொல்வது உடலில் கருங்கோடும் வலைபோன்ற வரிகளும் கொண்ட மூன்று கோட்டுக் கோரி. கோரிடோராஸ் டிரைலினியாட்டஸ் என்று 1872-இல் அமெரிக்க விலங்கியலாளர் கோப் பெயரிட்டது. பெரு நாட்டு அமேசான் கிளையாறுகள் அதன் ஊர். 2024-இல் பேரினத்தைப் பிரித்தபோது ஹோப்லிசோமா என்று மாற்றிவிட்டார்கள், கடைக்காரர் வாயில் அது நுழைய இன்னும் நாளாகும். 'ஜூலி கோரி' என்று விற்பதும் பெரும்பாலும் இதுதான். தலையைக் கூர்ந்து பாருங்கள்: புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோலம்போல் ஓடினால் மூன்று கோட்டுக் கோரி, தனித்தனிப் புள்ளியாக நின்றால் உண்மையான ஜூலி. இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்கள் வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தரைதான் இதில் பெரிய விஷயம். கோரிக்குச் செதில் கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள் உண்டு, கவசம் போட்ட மாதிரி. ஆனால் வாயைச் சுற்றியுள்ள மீசைகள் மிக மென்மையானவை. முகத்தை மணலில் புதைத்து, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே வெளியே விட்டு உணவைப் பிரிக்கும். கொஞ்ச நேரம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள், செவுள் ஓரத்தில் மணல் சிறு புகைபோல் வருவது தெரியும். அந்த மீனை வண்ணக் கற்களின் மேல் விட்டால் அதனால் எதையும் தோண்ட முடியாது. கட்டுமானத்துக்கு வாங்கிய எம்-சாண்டைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அது கல்லை உடைத்துச் செய்தது, ஓரங்கள் கூர்மையாக இருக்கும். நன்றாகக் கழுவிய உருண்டை மணிகள் கொண்ட ஆற்று மணல் இரண்டு செ.மீ. போதும். அதுகூடச் சுத்தமாக இருக்க வேண்டும். அழுகிய தீனி தேங்கிய மணலில் கிருமி சேர்ந்து மீசை கரையும். என் தொட்டியில் ஒரு கோரிக்கு மீசை வெறும் குச்சிமுனை அளவுக்குத் தேய்ந்திருந்தது. மணலை மாற்றி, வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றியதில் மெல்ல ஓரளவு வளர்ந்தது.

ஒன்றிரண்டு மட்டும் வாங்குவது அடுத்த தவறு. தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிவிடும். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு மீன் வேண்டும்.

தண்ணீர் 22 முதல் 26 டிகிரி வரை இருந்தால் நல்லது. சென்னை மே மாதத்தில் தொட்டி எளிதாக 30-ஐத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோரி திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும், குடல் வழியாகவும் மூச்சு வாங்கும் மீன் அது. அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். ஆனால் எல்லாம் சேர்ந்து அடிக்கடி மேலே ஓடினால் பிராணவாயு குறைவு என்று அர்த்தம், உடனே பாருங்கள். எதற்கெடுத்தாலும் கல் உப்பு போடும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள், இது உப்பும் தாதுவும் குறைந்த மென்னீரில் வாழும் மீன்.

வலையில் பிடிக்காதீர்கள். முதுகிலும் பக்கத் துடுப்பிலும் உள்ள முள் விறைத்து நின்று வலையில் சிக்கிக்கொள்ளும். கையில் குத்தினால் நல்ல வலி. பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள்.

சரி, முட்டை விஷயத்துக்கு வருவோம். மேலிருந்து பார்த்தால் பெண் அகலமாகவும் ஆண் ஒல்லியாகவும் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கு நன்றாக வரும். ஹீட்டரைக் கூட்டினால் முட்டையிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கோரிக்கு நேர்மாறு. அதன் ஊரில் மழை வந்து ஆறு குளிரும்போதுதான் முட்டையிடும் காலம். ஒரு வாரம் ரத்தப்புழு கொடுத்து, பிறகு இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த, குளோரின் நீக்கிய தண்ணீரைப் பாதியளவு மாற்றுங்கள். என் தொட்டியில் முதல் முட்டைகள் ஐப்பசி அடைமழையில் வந்தன. விடியற்காலையில் ஃபில்டர் தண்ணீர் விழும் கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல் இருந்தன.

பெண் தன் வாயை ஆணின் வயிற்றோரம் வைத்து இருவரும் ஆங்கில 'T' எழுத்துபோல் நிற்பார்கள். இன்னொரு கோரி இனமான வெண்கலக் கோரியில் பெண் விந்தை விழுங்கி, அது குடல் வழியே வந்து முட்டையைச் சேர்கிறது என்று 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெண் தன் இடுப்புத் துடுப்புகளைக் கூடைபோல் குவித்து, இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திக்கொண்டுபோய் ஒட்டும். அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக் கண்ணாடியைத் தட்டி வீட்டாரையெல்லாம் கூப்பிடாதீர்கள். பாதியில் நிறுத்திவிடும்.

முட்டையிட்டு முடித்ததும் பெற்றோரே தின்ன ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் முட்டை கொஞ்சம் இறுகியதும் விரலால் மெதுவாக உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். ஏர் பம்ப் குமிழி முட்டைமேல் நேராகப் படாமல் ஓடட்டும். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போட்டால் பூஞ்சை கட்டுக்குள் இருக்கும். வெள்ளையாகிப் பஞ்சுபோல் ஆகும் முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். ஒன்றை விட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும்.

குஞ்சுகள் சாவது பெரும்பாலும் அடுத்த வாரத்தில்தான், காரணம் தீனி. முதல் இரண்டு நாள் குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பையே போதும், எதுவும் போடாதீர்கள். அப்புறம் அவித்த முட்டை மஞ்சள் கரு போடும் வழக்கம் இருக்கிறது. ஒரே இரவில் தண்ணீர் கெட்டுப்போகும். மைக்ரோ புழு என்கிற நுண்புழுவோ அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்கிற குட்டி உப்புநீர் இறாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தினமும் ஏர் டியூபால் அடியை உறிஞ்சி, அதே அளவு நல்ல தண்ணீர் சேருங்கள். உறிஞ்சிய தண்ணீரை உடனே கொட்டிவிடாதீர்கள். வெள்ளை வாளியில் பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மீசை மட்டும் தெரியும் ஒரு குஞ்சாவது அதில் இருக்கும்.